குதிரைத்திறனும் கூசாத பொய்யும்

நெல் வாங்கப் போனவனிடம் விற்பவன் "பத்து" என்று மட்டும் சொன்னால், எந்தப் பேதையும் மடியை அவிழ்த்துப் பணம் நீட்டமாட்டான். பத்து என்ன? படியா, மரக்காலா, கலமா? கூம்பாகக் குவித்து அளந்ததா, தலை தட்டி அளந்ததா? அளந்த மரக்கால் யாருடையது? இத்தனையும் கேட்ட பின்னரே பேரம் தொடங்கும். எழுத்தறியாப் பாட்டிக்கும் தெரிந்த இந்த நெறி, படித்த இளைஞர் கூடும் ஓர் அவையில் மட்டும் செல்லுபடியாவதில்லை. கார்களின் குதிரைத்திறன் பேசப்படும் அவையே அது.

ஒருவன் தன் வண்டி 600 என்கிறான். மற்றவன் தன்னுடையது 700 என்கிறான். கேட்டவர் வாய் பிளக்கின்றனர். அந்த 700 எங்கே அளந்தது, இயந்திரத்தின் கிராங்க் தண்டிலா, சாலையைத் தொடும் சக்கரத்திலா, எந்தக் கருவியில், எந்த வெப்பத்தில், எத்தனையாவது ஓட்டத்தில், எந்தத் திருத்த எண்ணால் பெருக்கிய பின் என்று கேட்பவனைப் பொறாமைக்காரன் என்று ஒதுக்கிவிடுகின்றனர். கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் வளைகோடு ஒன்று மேலேறிச் செல்கிறது. அதன் உச்சியில் ஓர் எண் அச்சாகியிருக்கிறது. இனி வாதம் ஏது என்பது அவர்தம் துணிபு.

அந்தத் தாள் டைனமோமீட்டர் என்னும் கருவி தந்தது. பட்டறையில் அதனை டைனோ என்று சுருக்கிக் கூறுவர். கருவியின்மீது குற்றமில்லை. உள்ளதை உள்ளவாறு அளக்கவே அது பிறந்தது. அதனைப் பொய்ச்சாட்சி கூற வைக்கும் மனிதரே குற்றவாளிகள். அதிலும், டர்போ பொருத்திய அமெரிக்க மஸல் கார்களைச் சுற்றி வளர்ந்துள்ள பொய், ஏனைய பொய்களையெல்லாம் விஞ்சியது. அது கேட்பவனை ஏமாற்றுவதோடு நில்லாமல், சொல்பவனின் இயந்திரத்தையும் உடைத்துவிடும்.

குதிரைத்திறன் என்பது யாது? நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு அது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் ஒரு குதிரைத்திறன். இதனை எந்த டைனோவும் நேராக அளப்பதில்லை என்பதைப் பலர் அறியார். 1821-இல் பிரெஞ்சுப் பொறியியலார் காஸ்பார் தெ புரோனி, சுழலும் தண்டினை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அதனோடு இணைந்த நெம்புகோலின் முனையில் எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு வலிமையோடு திருகுகிறது என்பதைக் கண்டார். 1877-இல் ஆங்கிலேயர் வில்லியம் ஃபுரூடு, கப்பல் இயந்திரங்களுக்கென மரக்கட்டைக்கு மாற்றாக நீரின் தடையைப் பயன்படுத்தினார். இன்றைய கருவிகள் மின்காந்தத் தடையையோ கனத்த இரும்பு உருளையையோ கொண்டிருக்கலாம். ஆயினும் அவை காண்பவை இரண்டே: முறுக்குவிசை, சுழலும் வேகம். அடி-பவுண்டில் கண்ட முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். ஆகவே அது கணக்கிட்டுப் பெறும் எண். கணக்கில் எதை இட்டாலும் விடை வரும் என்பதைக் கணக்காசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 1987-இல் பியூக் நிறுவனம் ஜிஎன்எக்ஸ் என்ற காரை வெளியிட்டது. மொத்தம் 547 வண்டிகளே செய்யப்பட்டன. 3.8 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் கொண்ட டர்போ இயந்திரம். நிறுவனம் அறிவித்த திறன் 4,400 சுழற்சியில் 276. முறுக்குவிசை 3,000 சுழற்சியில் 360 அடி-பவுண்டு. 3,000 சுழற்சியில் குதிரைத்திறனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 206-தான் வருகிறது. 4,400-இல் முறுக்குவிசையைக் கணக்கிட்டால் அது 329-ஆக இறங்கியிருக்கிறது. ஆகவே பெருமை பேசுவோன் கூறும் 276 என்பது நீண்டதொரு வளைகோட்டின் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கார் ஓடும் நேரமோ சில நொடிகள். அதற்குக் கீழேயுள்ள பரப்பு முழுவதிலும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே ஓட்டுபவனுக்கு வேண்டிய செய்தி. அதைப் பேசுவார் யார்?

குதிரைத்திறனில் பொய் கலந்தது நேற்று இன்று அன்று. 1964-இல் பொன்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய இயந்திரத்தைப் பொருத்தி ஜிடிஓ என்ற பெயரில் விற்றதிலிருந்து மஸல் கார்களின் காலம் சூடேறியது. அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரப்படுத்தியது மொத்தத் திறன். இயந்திரத்தைக் காரிலிருந்து பிரித்து மேடையில் நிறுத்தி, அதன் திறனை உண்ணும் விசிறி, காற்று வடிகட்டி முதலியவற்றைக் கழற்றி, வண்டியின் குறுகிய புகைக்குழாய்க்கு மாற்றாகத் தடையற்ற ஆய்வகக் குழாயைப் பூட்டி எடுத்த எண் அது. குவித்து அளந்த மரக்கால் என்பது இதற்குத்தான் பொருந்தும். 1972 மாடல் வண்டிகளிலிருந்து நிகரத் திறனைக் கூறும் வழக்கம் வந்தது. காரில் இருப்பவை யாவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போது கிராங்க் தண்டில் எஞ்சுவது நிகரம்.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் எவ்வளவு? 1971-இல் கிறைஸ்லரின் 426 ஹெமி இயந்திரத்துக்கு மொத்தம் 425, நிகரம் 350. அதே ஆண்டில் செவ்ரலேயின் 454 எல்எஸ்6 இயந்திரத்துக்கு மொத்தம் 425, நிகரம் 325. விளம்பரத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தலை தட்டி அளந்தபோது ஒன்று 25 குறைந்துவிட்டது. ஆனால் இன்றும் பழைய காரின் 425-ஐயும் புதிய காரின் நிகர எண்ணையும் அருகருகே வைத்து, "அந்தக் காலத்து இரும்புக்கு இணையுண்டா" என்று பெருமூச்சு விடுவோர் இருக்கின்றனர். மொத்தத்தையும் நிகரத்தையும் ஒரே பத்தியில் கூட்டும் கணக்கனை எந்தக் கடைக்காரனும் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டான்.

மிகைத்துச் சொல்வது மட்டும் பொய்யன்று. குறைத்துச் சொல்வதும் பொய்யே. கொர்வெட் காரில் 1967 முதல் 1969 வரை கிடைத்த எல்88 இயந்திரத்துக்கு நிறுவனம் 430 என்று எழுதியது. அதனினும் எளிய எல்71-க்கு 435 என்று எழுதியது. பந்தயத்துக்கென்றே செய்த எல்88 உண்மையில் 500-க்கும் மேல் தந்தது. தெருவில் ஓட்டும் சாதாரண மனிதர் அதை விரும்பி வாங்கிவிடக் கூடாதென்றே அவ்வாறு எழுதினர் என்பர். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது என்ற பாடத்தை வாங்குவோருக்குக் கற்பித்தவர்கள் செய்தவர்களே. அன்று விதைத்த அவநம்பிக்கை பின்னர் எத்தனை வீண்புளுகுக்கு உரமாயிற்று! "என் வண்டியின் உண்மையான திறன் புத்தகத்தில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு" என்று எவன் சொன்னாலும் மறுக்க வழியில்லாமற் போயிற்று.

இனி டர்போவுக்கு வருவோம். இயந்திரம் வெளியேற்றும் சூடான வாயுவின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தோடு ஒரே தண்டில் இணைந்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் திணிக்கும் கருவி டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், தாம் செய்த டர்போ உயரத்தில் வேலை செய்யுமா என்று அறிய விரும்பினார். மெல்லிய காற்றில் விமான இயந்திரம் மூச்சுத் திணறுவதே அன்றைய சிக்கல். அவர் என்ன செய்தார்? லிபர்ட்டி விமான இயந்திரத்தை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் சிகரத்து உச்சிக்கே கொண்டு சென்றார். 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். அங்கே, அந்தக் குளிரில், அந்தக் காற்றிலேயே அளந்தார். சமவெளியில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த இயந்திரம் டர்போவின் துணையால் மலையுச்சியில் 356 தந்தது. நாற்காலியில் அமர்ந்து ஒரு திருத்த எண்ணால் பெருக்கி விடையைப் பெறுவது எளிது. மாஸ் மலையேறினார். அளவை என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

டர்போவை மக்கள் காரில் ஏற்றிய கதையிலும் எண்ணின் நிலையாமை தெரிகிறது. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் வெளியிட்ட ஜெட்ஃபயர் காரில் 215 கன அங்குல இயந்திரம் 215 குதிரைத்திறன் தந்தது. கன அங்குலத்துக்கு ஒன்று! ஆனால் அந்த எண் ஒரு குப்பியில் அடங்கியிருந்தது. அழுத்திய காற்றின் சூட்டால் எரிபொருள் தாறுமாறாக வெடிக்காதிருக்க, நீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த கரைசலை இயந்திரத்துக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. கரைசல் தீர்ந்தால் மிகை அழுத்தம் தானே தணிந்துவிடும். உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தனர். சில வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டனர். 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோயிற்று. 215 என்று ஏட்டில் இருந்தது. குப்பி காலியான வண்டிக்கு அந்த எண் யாருடைய எண்?

பியூக்கின் ஆறு சிலிண்டர் டர்போ இயந்திரம் 1978-இல் வந்தது. கிராண்ட் நேஷனல் என்ற கரிய காரில் அது 1984-இல் 200, இன்டர்கூலர் சேர்ந்த 1986-இல் 235, 1987-இல் 245 என்று உயர்ந்தது. அதே ஆண்டில் எட்டு சிலிண்டர் கொண்ட கொர்வெட்டுக்கு எழுதியிருந்தது 240. பின்னர் ஜிஎன்எக்ஸ் 276. இவ்வளவும் அதே 3.8 லிட்டர் கொள்ளளவிலேயே நடந்தது. ஜிஎன்எக்ஸ் பெற்றிருந்த திறன் அறிவித்ததினும் மிகுதி என்று அவ்வண்டியை ஆய்ந்த பலரும் கருதுவர். சாதாரண இயந்திரத்தில் 40 குதிரைத்திறன் கூட்ட இரும்பைக் கடைய வேண்டும். டர்போ இயந்திரத்திலோ, மிகை வாயுவை டர்போவுக்குச் செல்லாமல் வெளியே தப்பவிடும் வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவை இயக்கும் கம்பியின் நீளத்தைச் சற்றே மாற்றினால் போதும். காற்றின் அழுத்தம் கூடும், எண் உயரும். இத்தனை எளிதில் மாறும் எண்ணை நிலையான எண்போல் மார்பில் குத்திக்கொண்டு திரிவது எவ்வளவு நகைப்புக்குரியது!

டைனோ அறைக்குள் நடப்பதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும்; பொய் தைக்கப்படும் இடம் அதுவே. இன்று பெரும்பாலும் இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. காரை உருளைமீது ஏற்றி வாரால் கட்டிச் சக்கரத்தை ஓட்டி அளக்கின்றனர். ஒருவகைக் கருவியில் நிறை தெரிந்த கனத்த உருளை எத்தனை வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதிலிருந்து கணக்கிடுவர். மற்றொரு வகையில் மின்காந்தத் தடை உருளையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். முதல்வகையில் இலேசான உருளை சில நொடிகளில் ஓடி முடிந்துவிடுவதால், பெரிய டர்போ சாலையில் காட்டும் முழு அழுத்தத்தை எட்டாமலே போவதுண்டு. இருவகையிலும் ஒரே கார் ஒரே நாளில் ஒரே எண்ணைத் தருவதில்லை. எந்தக் கருவி என்று கூறாமல் எண் கூறுவது, யாருடைய மரக்கால் என்று கூறாமல் நெல் விற்பது.

அடுத்தது திருத்த எண். காற்று குளிர்ந்து அடர்ந்திருந்தால் இயந்திரம் மிகுதியாகத் தரும். சூடேறி மெலிந்திருந்தால் குறைவாகத் தரும். ஆகவே வெவ்வேறு நாளில் கண்ட அளவுகளை ஒப்பிட, ஒரு பொதுவான காற்றுக்கு மாற்றிக் கணக்கிடுவது முறையே. ஆனால் எந்தப் பொதுக்காற்று? அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் இக்கால நியமம் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது. பழைய நியமமோ 15.5 பாகை வெப்பத்தையும் மிகுந்த காற்றழுத்தத்தையும் கொண்டது. பழையதைத் தேர்ந்தால் எண் ஏறத்தாழ 4 விழுக்காடு பெருகும். அதாவது 500 ஒரு பொத்தானை அழுத்திய அளவில் 520 ஆகும். காரில் ஒரு திருகும் அசையவில்லை. எத்தனை பட்டறைகள் எந்தப் பொத்தானை அழுத்துகின்றன என்று ஊகிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு வெளியேற வேண்டும் அல்லவா!

டர்போ வண்டியில் இந்தத் திருத்தம் பெருங்கொள்ளையாகவே மாறும். கொலராடோவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டாக உள்ள காற்றழுத்தம் அங்கே சுமார் 12.2 பவுண்டு. தானே மூச்சிழுக்கும் இயந்திரம் அங்கே 17 விழுக்காட்டுக் காற்றை இழக்கிறது. அதனை ஈடுகட்டத் திருத்த எண் சுமார் 1.2-ஆக உயர்கிறது. அது அவ்வகை இயந்திரத்துக்கு நியாயமே. இப்போது 15 பவுண்டு மிகை அழுத்தம் தரும் டர்போ காரை அதே உருளையில் ஏற்றுங்கள். கடல்மட்டத்தில் அதற்குள் புகும் அழுத்தம் 14.7-உம் 15-உம் சேர்ந்து 29.7. டென்வரில் 12.2-உம் 15-உம் சேர்ந்து 27.2. இழப்பு 8 விழுக்காட்டை ஒட்டியதுதான். ஆயினும் கருவி கண்ணை மூடிக்கொண்டு 1.2-ஆல் பெருக்குகிறது. உண்மையில் 400 அளந்த வண்டி, நேர்மையாகத் திருத்தினால் 436-ஐ ஒட்டி வர வேண்டியது, தாளில் 480 என்று அச்சாகி வருகிறது. 44 குதிரைகள் வானத்திலிருந்து குதித்துவிட்டன! கருவியின் நிரல் செய்த பிழையா இது? அன்று. இன்ன வகை இயந்திரத்துக்கு இன்ன திருத்தம் என்று தேர்வது ஆளின் கடமை. அவ்வாள் தெரிந்தே வாளாவிருக்கிறான். மாஸ் மலையேறி மெய்ப்பித்ததை அதே மலைநாட்டில் ஒரு பெருக்கல் வாய்பாடு பொய்யாக்குகிறது.

இவை போதாவென்று மூன்றாவதொரு மோசடியும் உண்டு. சக்கரத்தில் அளந்த எண்ணோடு, பல்சக்கரப் பெட்டியும் அச்சும் விழுங்கியதாகச் சொல்லி 15 விழுக்காட்டைக் கூட்டிக் கிராங்க் தண்டின் திறன் என்று முழங்குவர். அந்த 15 எங்கிருந்து வந்தது? தானியங்கிப் பல்சக்கரப் பெட்டியின் இழப்பும் கையால் மாற்றும் பெட்டியின் இழப்பும் ஒன்றாகா. உராய்வின் இழப்பு திறனுக்கு ஏற்ப அப்படியே பெருகிக்கொண்டும் போகாது. 300 தரும் காரின் அச்சு 45 விழுங்கினால், அதே அச்சு 900 தரும் நாளில் 135-ஐ விழுங்குமா? விழுங்கினால் அத்தனை ஆற்றலும் வெப்பமாகி எண்ணெயைக் கொதிக்க வைத்துவிடும். ஆயினும் கூட்டல் நடக்கிறது. தேர்வில் 60 வாங்கிய மாணாக்கன், "வினாத்தாள் 15 விழுக்காடு கடினம், ஆகவே எனக்கு 69" என்று ஆசிரியரிடம் வந்து நின்றால் என்ன விடை கிடைக்கும்?

இவற்றையெல்லாம் கண்டு வெறுத்து, டைனோவே வேண்டாம், பந்தயத் தடமே நீதிமன்றம் என்போரும் உளர். கால் மைல் தடத்தில் வண்டியை ஓட்டி நேரத்தைக் காட்டு என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையுண்டு. எடையும் முடிவில் எட்டிய வேகமும் தெரிந்தால் திறனை ஓரளவு கணிக்கலாம். ஆனால் டயரின் பிடிப்பு, தடத்தின் பசை, ஓட்டுநரின் கால், அன்றைய காற்று எல்லாம் அந்நேரத்துக்குள் கலந்து கிடக்கின்றன. இயந்திரத்தின் எந்த உறுப்பு நோயுற்றது என்று தடம் சொல்லாது. காய்ச்சல் மானி பொய் சொன்னதாகக் கருதி அதனை உடைத்துவிட்டு, நோயாளியை ஓடவிட்டுப் பார்ப்பது மருத்துவமாகுமா?

டைனோவின் உண்மையான பணி மருத்துவமே. வண்டியை வண்டியோடு ஒப்பிட்டு விருது வழங்க அது பிறக்கவில்லை. ஒரே வண்டியை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதற்கே அது ஈடிணையற்ற கருவி. பியூக் கிராண்ட் நேஷனல் போன்ற காரை முறையறிந்தவன் சீர்செய்வதைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் அவன் எதையும் மாற்றமாட்டான். பெட்டியின் நான்கு நிலைகளில் மூன்றாவதே நேர்விகிதம் ஆதலால் அதில் பூட்டி, வண்டி வந்த நிலையிலேயே மூன்று முறை ஓட்டுவான். மூன்று ஓட்டமும் ஒன்றையொன்று ஒத்திருந்தால்தான் அளவை நம்பத்தக்கது. முதல் ஓட்டம் உயர்ந்தும் மூன்றாவது தாழ்ந்தும் வந்தால், இன்டர்கூலர் சூட்டில் ஊறிவிட்டது என்று பொருள். அறையில் வைத்த விசிறி, 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்வரும் காற்றுக்கு ஈடாகாது. பெருமைக்காரன் ஆறவைத்து ஓட்டிய முதல் ஓட்டத்தின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். முறையறிந்தவனோ மூன்றாவதைக் கையிலெடுப்பான். கோடைப் பிற்பகலில் நெரிசலில் நின்று புறப்படும் வண்டி எப்படியிருக்கும் என்று அதுவே சொல்லும்.

பின்னர் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவான். முதற்கண் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல். மிகை அழுத்தத்தில் அப்படி ஓட்டினால் பிஸ்டன் தாங்காது. ஆகவே 11 அல்லது 12 பங்குக் காற்றாக எரிபொருளை வளமாக்குவான். மிகையான எரிபொருள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். அதன் பிறகே தீப்பொறியின் நேரம். பிஸ்டன் மேலெழுந்து உச்சியை எட்டுமுன் எத்தனை பாகையில் பொறி பாய வேண்டும் என்பதை ஒவ்வொரு பாகையாக முன்தள்ளிப் பார்ப்பான். ஒவ்வொரு பாகைக்கும் முறுக்குவிசை உயர்ந்துகொண்டு வரும். ஒரு பாகை தள்ளியும் உயராத இடம் ஒன்று வரும். பெருமைக்காரனுக்கு அவ்விடம் தெரியாது, மேலும் தள்ளுவான். அறிந்தவன் அங்கே நின்று, ஒன்றிரண்டு பாகை பின்வாங்கியும் வைப்பான். ஏனெனில் அதற்கப்பால் இருப்பது தட்டல். அழுத்தமும் சூடும் மிகுந்து, எரிதீ பரவிச் சேருமுன் மூலையில் ஒதுங்கிய கலவை தானே வெடிக்கும். சிலிண்டருக்குள் சம்மட்டி அடிப்பதை ஒத்த ஓசை கேட்கும். அந்த ஓசையைச் செவிப்படுத்தி உடனே தீப்பொறியைப் பின்தள்ளும் உணர்கருவி பியூக்கிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அதன் எச்சரிக்கையை மதியாமல் அழுத்தத்தைக் கூட்டியோர், தலைப்பகுதியின் காஸ்கட் வெடித்ததையும் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்ததையும் கண்டனர்.

வீணைக்குச் சுருதி கூட்டுவோன் நரம்பை முறுக்கிக்கொண்டே போவதில்லை. முறுக்க முறுக்கச் சுருதி உயரும் என்பது உண்மை. ஒரு கட்டத்தில் நரம்பு அறும் என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் வீணைக்கும் இயந்திரத்துக்கும் டியூனிங் என்ற ஒரே சொல்லை ஆள்வது பொருளற்றதன்று.

இஃது ஒரு விளையாட்டுத்தானே, எண்ணைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கக் கூடும். 1999-இல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் கோப்ரா காரை 320 குதிரைத்திறன் என்று விற்றது. பணம் கொடுத்து வாங்கியவர்களும் ஏடுகளும் உருளைமீது ஏற்றிப் பார்த்தபோது அத்தனை இல்லை என்று தெரிந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, காற்று உட்செல்லும் குழாய்த்தொகுதியையும் கட்டுப்பாட்டுக் கணினியையும் புகைக்குழாய்களையும் மாற்றித் தர நேர்ந்தது. மாபெரும் நிறுவனத்தைத் தலைகுனிய வைத்தது எது? டைனோ. நிபந்தனையோடு அளந்த அளவைக்கு உள்ள வலிமை அது. 2005-இல் வாகனப் பொறியாளர் சங்கம், சாட்சியின் முன்னிலையில் அளந்து சான்றளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அக்காலத்து அளவைத் திருத்தத்தில் டொயோட்டா கேம்ரியின் ஆறு சிலிண்டர் இயந்திரம் 210-இலிருந்து 190-க்கு இறங்கியது. 500 என்று முன்னர்ச் சொல்லப்பட்ட கொர்வெட் இசட்06-இன் இயந்திரமோ 505 என்று சான்று பெற்றது. இயந்திரங்கள் மாறவில்லை. அளந்த முறை வெளிச்சத்துக்கு வந்தது; அவ்வளவே. நிறுவனங்கள் நேர்மைக்கு வந்த பின்பும், தெருமுனைப் பட்டறையும் அதன் அடியார்களும் பழைய கூம்பு மரக்காலைக் கைவிட மறுக்கின்றனர். வாங்கியவர் ஏமாற்றப்பட்டதை எதிர்க்க டைனோவைப் பிடித்துக்கொண்டவர்களின் வழியிலே வந்தோர், இன்று அதே டைனோவைக் கொண்டு பழைய வண்டிகளை வாங்குவோரை ஏமாற்றுகின்றனர்.

தமிழ்ப் பெருமக்கள் சிலர், கார்ப் பட்டறைக்கும் தமிழ்க் கட்டுரைக்கும் என்ன உறவு என்று முகஞ்சுளிக்கலாம். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து நோட்டின் கடைசித் தாளில் கார் வரையும் மாணாக்கனை அவர்கள் அறிவர். அவனுக்கு 700 என்ற எண்ணைச் சொல்லித்தர ஆயிரம்பேர் இருக்கின்றனர். முறுக்குவிசை என்றும், நிகரத் திறன் என்றும், திருத்த எண் என்றும் அவனுக்குச் சொல் கொடுத்தால்தான் அவன் திருப்பிக் கேள்வி கேட்பான். 5,252 எங்கிருந்து வந்தது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். 33,000-ஐப் பையின் இருமடங்கால் வகுக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கைப் போட்டவனை வெறும் தாளைக் காட்டி மயக்குவது கடினம்.

தாளில் உண்மை இல்லாமலில்லை. பெரும்பாலான டைனோக்கள் அச்சிடும் தாளிலேயே, ஓட்டத்தின் எண், அறையின் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், கையாண்ட திருத்த நியமம், பெருக்கிய எண் ஆகியவை ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் இடம்பெறுகின்றன. மிகை அழுத்தமும் எரிபொருளின் வகையும் எழுத அங்கே இடமும் இருக்கிறது. தாளைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டுவோர், வளைகோட்டின் உச்சி நடுவில் விழுமாறு வைத்து, அந்த ஓரத்தை வெட்டிவிடுகின்றனர். வெட்டாத தாளைக் கேளுங்கள்.